குடிபெயர்ந்தோரும் அவரை ஆராயும் கலைகளும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடைகளில் தமிழின் தொன்மையையும் குறளின் மேன்மையையும் பேசுதல் வழக்கம். இவ்வாண்டு விழாக் குழுவினர் எமக்குத் தந்த பொருள் சற்றே வேறானது. மனிதர் ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊர்க்குச் செல்வதைப் புவியியலார், பொருளியலார், மானிடவியலார், வரலாற்றாசிரியர், சட்ட வல்லுநர் ஆகியோர் எங்ஙனம் ஆராய்கின்றனர் என்பதே அப்பொருள். ‘கல்லூரிக்குரிய இச்செய்தியால் ஹெப்பகோடிக் காலனிக் குடும்பங்கட்கு ஆவதென்ன?’ என்று சிலர் எண்ணுதல் கூடும். அன்பர்களே, அவர்கள் ஆராயும் பொருளே நாம்தாம். தருமபுரியிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து, பொம்மசந்திரத் தொழிற்பேட்டையிலும் ஆடை ஆலைகளிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் உழைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இன்று இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் நம்மைப் பற்றி அறிஞர் எழுதிய நூல்கள் பல. அவற்றில் நம்மைப் பற்றி உள்ளதும் இல்லாததும் யாவை என்று சிறிது நேரம் காண்போம்.

இத்துறைக்கு வித்திட்டவர் ரேவன்ஸ்டைன் என்பார். ஜெர்மனி நாட்டுப் பிராங்பர்ட்டில் 1834இல் பிறந்து, இளமையிலேயே இங்கிலாந்து சென்று, அங்கே நிலப்படம் வரையும் பணியில் அமர்ந்தவர். மக்கள் இடம் பெயர்வதற்கு யாதொரு விதியும் இருப்பதாகத் தெரியவில்லை என்று அக்காலப் புள்ளியியலார் ஒருவர் கூறியதைக் கேட்டு, விதி உண்டா இல்லையா என்று பார்க்கப் புகுந்தார். 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ஒவ்வொருவரும் பிறந்த ஊர் எது, இருக்கும் ஊர் எது என்று ஒப்பிட்டு, 1885இல் தம் கட்டுரையை வெளியிட்டார். பெரும்பாலோர் நெடுந்தொலைவு செல்வதில்லை, பக்கத்து ஊர்க்கே செல்கின்றனர். நகரத்தை அடுத்த சிற்றூரார் நகருக்குள் போனதும், அவர் விட்ட இடத்தை அதற்கு அப்பாலுள்ளார் வந்து நிரப்புகின்றனர். எத்திசையில் ஓட்டம் உண்டோ, அதற்கு எதிர்த்திசையிலும் சிறியதோர் ஓட்டம் உண்டு. குறுகிய தொலைவில் ஆடவரினும் பெண்டிரே மிகுதியாக இடம் பெயர்கின்றனர். இவை அவர் கண்டவற்றுட் சில. நூற்று நாற்பது ஆண்டு கழிந்த பின்னும் நம் தெருவில் நின்று பார்த்தால் இவை புலப்படும். நம்மவர் இருபதாண்டுக்கு முன் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைகளில் இன்று ஒடிசாவினரும் பீகாரினரும் அஸ்ஸாமியரும் இருக்கின்றனர். கடன் அடைந்ததும் ஊர் திரும்பி ஆடு மாடு வாங்கியவரும் நம்மில் உளர்.

ஆயினும் தொலைவு என்பது அளவுகோலைப் பொறுத்தது. ஓசூரிலிருந்து ஹெப்பகோடி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சூசூவாடியைக் கடந்து அத்திப்பள்ளியில் நுழைந்தால், வந்தவர் ‘வெளிமாநிலத்தவர்’ ஆகிவிடுகின்றார். பீதர் நகரிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் கடந்து வருபவரோ, உள்மாநிலத்திலேயே இடம் மாறியவர். ஓசூராரின் வீட்டு மொழி கன்னடமாகவும் இருக்கலாம், தெலுங்காகவும் இருக்கலாம். பீதரிலிருந்து வந்தவர்க்குப் பெங்களூர்க் கன்னடம் செவிக்குப் புதிதாகவும் இருக்கலாம். கணக்கேடு இவற்றை அறியாது. எல்லைக் கோட்டை மட்டுமே அறியும். குடும்ப அட்டை, சாதிச் சான்று, கல்லூரி இடஒதுக்கீடு, வாக்காளர் பட்டியல் யாவும் அக்கோட்டைப் பார்த்தே நடப்பதால், 20 கிலோமீட்டர் வந்தவர் பெட்டி நிறையச் சான்றிதழ் சுமக்க வேண்டியுள்ளது.

கணக்கெடுப்பின் செய்தி இன்னும் சுவையானது. நம் நாட்டில் 1881 முதலே பிறந்த ஊரைக் கேட்டு வந்தனர். மேல்நாட்டில் இவ்வினா நன்றாகப் பயன்பட்டிருக்கலாம். இங்கோ தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்லும் வழக்கம் உண்டன்றோ? தந்தையும் தாயும் பதினைந்தாண்டாக ஹெப்பகோடியில் இருப்பினும், பிள்ளை பிறப்பது வாணியம்பாடியில்; ஐந்தாம் மாதம் தொட்டிலோடு இங்கு வருகிறது. கணக்கேட்டின்படி அக்குழந்தை குடிபெயர்ந்து வந்தது! தவழாத பிள்ளை குடிபெயர்ந்த விந்தையை அறிஞர் உணர்ந்தமையால், 1971இல் ‘இதற்கு முன் எங்கு வசித்தீர்?’ என்ற வினாவைச் சேர்த்தனர். 1981இல் ‘எக்காரணத்தால் வந்தீர்?’ என்பதையும் சேர்த்தனர். பின்னர், பிறந்தவுடன் இடம் மாறியோர் எனத் தனி வகையே உண்டாயிற்று.

காரணம் கேட்பது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் அகத்திணையில் தலைவன் பிரிவதற்குரிய காரணங்களை வகுக்கின்றார். ஓதற்பொருட்டுப் பிரிவு, பகைமேற் செல்லும் பிரிவு, தூதுசெல்லும் பிரிவு, பொருள்தேடும் பிரிவு என அவை அமைகின்றன. அரசினர் பட்டியலில் வேலை, வணிகம், கல்வி, மணம், குடும்பத்தோடு வருதல் முதலியவை உள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். தொல்காப்பியர் பிரிவில் செல்பவன் ஆடவன்; பெண் இருந்து ஆற்றுபவள். 2011ஆம் ஆண்டுக் கணக்கிலோ, இடம்பெயர்ந்தோர் 45 கோடிக்கு மேற்பட்டோர். அவருள் பாதிக்குச் சற்றே குறைந்தோர் சொன்ன காரணம் மணம். வேலைக்காக வந்தோம் என்றோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. ஆகவே இந்நாட்டில் மிகுதியாக இடம் பெயர்பவர் பெண்டிர். ‘ஊரை விட்டு வந்தவன்’ என்று ஆண்பாலிலேயே பேசிப் பழகிய நம் மேடைகள் இதனைக் கருதுதல் நன்று.

ஆனால் ‘மணம்’ என்ற ஒரு சொல்லில் எத்துணைச் செய்தி மறைந்துவிடுகிறது! பத்தொன்பது வயதில் மாலையோடு வந்த பெண், இருபதாம் வயதில் ஆடை ஆலையில் தையற்பொறி முன் அமர்ந்து, பதினைந்தாண்டு உழைத்து, வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் தாமே கட்டியிருப்பார். கணக்கெடுப்பாளர் வந்து கேட்கும்போது, ‘கலியாணமாகி வந்தேன்’ என்பார். அல்லது அவர் கணவர் அங்ஙனம் சொல்லுவார். ஏட்டில் அவர் உழைக்க வந்தவர் அல்லர், மனைவியாக வந்தவர். அடுத்த கணக்கெடுப்பு 2021இல் நடந்திருக்க வேண்டியது. தள்ளிப்போய், 2027 மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு நடைபெறும் என அறிவிக்கப்பட்டுள்ளது. நம் தாய்மார்கள் அப்போது தமக்குரிய விடையைத் தாமே கூறுதல் வேண்டும் என்பது எம் விருப்பம்.

பொருளியலார் பக்கம் செல்வோம். மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த செயின்ட் லூசியாவில் பிறந்து, லண்டனில் பயின்று, 1979இல் நோபெல் பரிசு பெற்ற ஆர்தர் லூயிஸ், 1954இல் ஒரு கோட்பாடு வகுத்தார். உழவில் தேவைக்கு மிஞ்சிய உழைப்பாளர் ஆலைத் தொழிலுக்குப் பெயர்வர் என்பது அதன் சாரம். பின்வந்தோர், கிடைக்கும் கூலியைவிடக் கிடைக்குமென்று நம்பும் கூலியே மனிதனை நகருக்கு இழுக்கிறது என்றனர். இவையெல்லாம் தனி மனிதன் ஒருவன் திண்ணையில் அமர்ந்து கூலிக்கணக்குப் பார்ப்பதுபோல் அமைந்தவை. நம் வீடுகளில் எவரேனும் அப்படித் தனித்து முடிவு செய்தனரோ? 1989இல் ரோசன்ஸ்வைக், ஸ்டார்க் என்ற இருவர் தென்னிந்திய வறண்ட சிற்றூர்களின் குடும்பக் கணக்குகளை ஆராய்ந்து வேறொன்று கண்டனர். மழை பொய்த்தால் பக்கத்து ஊரிலும் பொய்க்கும். ஆதலின் உழவர் தம் பெண்மக்களைத் தொலைவிலுள்ள வெவ்வேறு ஊர்களில் மணம் முடித்துக் கொடுக்கின்றனர். ஓரிடத்தில் விளைச்சல் இல்லையேல் மற்றோரிடத்துச் சம்பந்திகள் கைகொடுப்பர் என்பதே அவர்கள் கண்டது. பெண் கொடுத்தல் ஒரு காப்புறுதித் திட்டம்போல் ஆயிற்று. பொருளியல் இதழில் இதைப் படித்தபோது, ‘இதைச் சொல்ல நம் பாட்டிமார் போதுமே’ என்று தோன்றியது உண்மை. ஆயினும் பாட்டிமார் சொன்னது பாட்டிமாரோடு போயிற்று. இவர்கள் சொன்னது எழுத்தில் நின்றது.

மானிடவியலார் கணக்கேட்டை விட்டு ஊருக்குள்ளேயே குடியிருந்து பார்ப்பவர். ஸ்கார்லெட் எப்ஸ்டைன் என்ற அம்மையார், வியன்னாவிலிருந்து 1938இல் நாஜிகளுக்கு அஞ்சி ஓடி, இங்கிலாந்து சேர்ந்தவர். அவர் 1954 முதல் 1956 வரை மாண்டியாவுக்கு அருகே இரண்டு சிற்றூர்களில் தங்கி ஆராய்ந்தார். அவற்றுக்கு வாங்களா, தளேனா எனப் புனைபெயர் இட்டார். ஒன்றுக்குக் கால்வாய் நீர் வந்தது. மற்றொன்று மேட்டு நிலமாதலின் வரவில்லை. நீர் பெற்ற ஊர் கரும்பு பயிரிட்டுச் செழித்தது. ஆனால் பழைய முறைகளையே பெரிதும் பற்றி நின்றது. நீர் பெறாத ஊரார் வெளியே செல்லலாயினர். ஆலைவேலை, வண்டித்தொழில், ஒப்பந்தவேலை எனப் பல வழி தேடினர். அவ்வூரில் மேலோர் கீழோர் உறவும் குடும்ப அமைப்பும் மிகுதியாக மாறின. வறட்சி துரத்தியவரிடையேதான் பழமை முதலில் தளர்ந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ஏரி வற்றி வந்த நம் குடும்பங்களில், யார் யாரோடு ஒரே பந்தியில் உண்கின்றனர், எந்தப் பெண் எதுவரை படித்தாள் என்பதை ஊரில் தங்கிய பங்காளி வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அம்மையார் கண்டது விளங்கும். ஆயினும் எல்லாம் மாறிற்று என்று சொல்வதற்கில்லை. மணப்பந்தல் போடும்போது பழைய ஊர் முழுவதும் இங்கு வந்துவிடுகிறது!

இதுகாறும் குடிபெயர்ச்சியைப் பேசினோம். அண்மைக் காலத்தில் அறிஞர் சிலர், குடிபெயர்தலை மட்டும் பார்த்தல் போதாது, அன்றாட நடமாட்டத்தையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும் என்கின்றனர். இங்கிலாந்தின் ஜான் உர்ரியும் மிமி ஷெல்லரும் 2006இல் இதனை வலியுறுத்தினர். இதற்குக் கோலார் தங்கவயலைவிடச் சிறந்த சான்று வேண்டா. 1880களில் தொடங்கி வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் அங்குச் சென்று பூமிக்கடியில் இறங்கினர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. பேரப்பிள்ளைகள் என் செய்தனர்? சிலர் இங்குக் குடிவந்தனர். பலர் வீட்டை அங்கேயே வைத்துக்கொண்டு, விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் வந்து வேலை பார்த்து, இரவில் திரும்புகின்றனர். இவர்கள் எந்த ஏட்டிலும் குடிபெயர்ந்தவர் அல்லர். ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதி இரயிலில் கழிகிறது. நம் ஊருக்கு 2025 ஆகஸ்டில் வந்த மஞ்சள் தட மெட்ரோவும் இத்தகைய மாற்றத்தையே விளைவிக்கும். ஆர்.வி. சாலை முதல் பொம்மசந்திரம் வரை அது 19 கிலோமீட்டர் ஓடுகிறது. வேலைக்கு அருகில் வீடு தேடியவர், இனி வேலையைத் தொலைவில் வைத்துக்கொண்டு இங்கேயே வீடு தேடுவர். வாடகை எத்திசையில் போகும் என்பதைக் கேட்க வேண்டா.

நடமாட்டத்தை எண்ணுதற்கு நடுவணரசின் பொருளாதார ஆய்வறிக்கை 2016–17இல் ஓர் உபாயம் கண்டது. முன்பதிவில்லா இரயில் பயணச்சீட்டுகளை எண்ணிப் பார்த்து, ஆண்டுதோறும் மாநிலம் விட்டு மாநிலம் வேலைக்குச் செல்வோர் ஏறத்தாழ 90 இலட்சம் என மதிப்பிட்டது. பழைய கணிப்புகளைவிட இது மிகப் பெரிது. நல்ல உபாயமே. எனினும் கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்தில் மூட்டையோடு வந்து அத்திப்பள்ளியில் இறங்கியவர் அதிலும் இலர்.

அன்பர்களே, கணக்கு தவறினால் அறிஞர்க்கு ஒரு கட்டுரை குறையும். மக்களுக்கு என்ன குறையும் என்பதை ஹெப்பகோடி ஒருமுறை நாடறியக் காட்டிற்று. 2016 பிப்ரவரியில் வருங்கால வைப்பு நிதி விதி ஒன்று மாற்றப்பட்டது. வேலையை விட்டவர் முதலாளி செலுத்திய பங்கை 58 வயது ஆகும்வரை எடுக்க இயலாது என்பது புதிய விதி. முதுமைக்குச் சேமிப்பு வேண்டும் என்ற நோக்கத்தை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அவ்விதி, ஒரே ஊரில் ஒரே வேலையில் முப்பதாண்டு இருக்கும் அலுவலரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதாகத் தோன்றுகிறது. ஆடை ஆலைப் பெண் ஐந்தாண்டு உழைத்து, முதுகு நோவ, வேலையை விட்டு, அத்தொகையைக் கொண்டு கடன் அடைப்பவர். தங்கையின் மணம் முடிப்பவர். ஊரில் கூரை மாற்றுபவர். அவருக்கு அது சேமிப்பு மட்டுமன்று, ஊர் திரும்பும் வழிச்செலவுமாகும். ஏப்ரல் 18, 19 ஆகிய இரு நாளும் ஓசூர்ச் சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் இறங்கினர். சங்கமோ தலைவரோ அழைத்து வந்த கூட்டமன்று அது. தடியடி நடந்தது; கல் பறந்தது; ஹெப்பகோடிக் காவல் நிலையத்தில் வண்டிகள் எரிந்தன. எரித்தலை நாம் ஒப்பவில்லை. 19ஆம் நாளே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. குடிபெயர்ந்து உழைப்போரின் வாழ்வு எந்தக் கால அளவில் ஓடுகிறது என்பதை ஆய்வாளர் ஒருவர் முன்னமே எடுத்துரைத்து, விதி எழுதுவோர் அதனைக் கேட்டிருப்பின், அவ்விரு நாளும் வேறு விதமாக இருந்திருக்கும்.

நான்காண்டு கழித்து வந்தது ஊரடங்கு. 2020 மார்ச் 25 முதல் ஆலைகளும் கட்டடப் பணிகளும் நின்றன. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பினர் என்று அரசே பின்னர்க் கூறிற்று. செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், வழியில் இறந்தோர் எத்தனைபேர் என்ற வினா எழுந்தபோது, அத்தகைய கணக்கு வைக்கப்படவில்லை என்ற விடையே வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் சென்று உழைப்போரைக் காக்க 1979இலேயே சட்டம் இருந்தது. ஆனால் அது ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தவரையே கருதிற்று. தாமே பேருந்து ஏறி வந்தவர், அஃதாவது நம்மில் பெரும்பாலோர், அதன் கண்ணில் இல்லை. 2020ஆம் ஆண்டுத் தொழில் விதித்தொகுப்புத்தான், ஊதிய வரம்பு ஒன்று வைத்து, தாமாக வந்தோரையும் அப்பெயருக்குள் சேர்த்தது.

இனி வரலாறு. நம் நகரைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் படியெடுத்து, 1905இல் பெங்களூர் மாவட்டத் தொகுதியாக வெளியிட்டவர் லூயி ரைஸ். பெங்களூரிலேயே பிறந்த ஆங்கிலேயர். டோம்ளூர்ச் சொக்கநாதர் கோயிற் கல்வெட்டுகள் உள்ளிட்ட பல தமிழ்க் கல்வெட்டுகள் அதில் உள்ளன. 13ஆம் நூற்றாண்டில் இங்குத் தமிழ் எழுதப்பட்டது என்பதற்கு அவை சான்று. ஆனால் அவற்றைக் கொண்டு ‘நாமே முன்னோர்’ என்று மார்தட்டுவது அறியாமை. பேகூரில் அதனினும் மூத்த கன்னடக் கல் நிற்கின்றது. மேலும் அக்கல்வெட்டுகள் நிலம் கொடுத்த தலைவனையும் விளக்கு வைத்த வணிகனையும் பேசும். கல் சுமந்து வந்தவனைப் பேசா.

மொழியும் ஒரு கல்வெட்டே. செங்கோட்டைப் பக்கமிருந்து பல நூற்றாண்டுக்கு முன் மைசூர், ஹாசன் பகுதிகட்குச் சென்றதாகக் கூறப்படும் சங்கேதிகள், கன்னடம் கலந்த தமிழ்ப் பேச்சை இன்றும் வீட்டில் வழங்குகின்றனர். நம் பிள்ளைகள் தமிழிடையே ‘சொல்ப’ என்றும் ‘பேடா’ என்றும் சொல்லும்போது சினவாதீர். மொழியியலார் வந்தால் அதைத்தான் முதலில் குறித்துக்கொள்வார்.

குடிபெயர்ந்தோர் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்ததற்கு ஓர் அரிய சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில், இலாட நாடாகிய தென் குஜராத்திலிருந்து வந்து குடியேறிய பட்டு நெசவாளர், கி.பி. 436இல் கதிரவனுக்குக் கோயில் எடுத்தனர். 473இல் பழுது பார்த்து, வத்சபட்டி என்ற புலவரைக் கொண்டு வடமொழியில் தம் கதையைக் கல்லில் பொறித்தனர். தாம் எங்கிருந்து வந்தனர் என்பதைச் சொல்லினர். வந்தபின் சிலர் வில்வித்தை பயின்றதையும், சிலர் கதை சொல்வதில் வல்லராயதையும், சிலர் வானநூல் கற்றதையும், சிலர் நெசவையே தொடர்ந்ததையும் சொல்லினர். அரசன் பொறித்த கல்லன்று அது. தொழிலாளர் குழு தன் செலவில் பொறித்தது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டாகியும், குடிபெயர்ச்சியை ஆராயும் வரலாற்றாசிரியர் எவரும் அதைத் தொடாமற் போவதில்லை.

நம் காலனிக்கு முதலில் வந்தோர் ஒவ்வொருவராக நம்மை விட்டுச் செல்கின்றனர். சங்க மண்டபத்தில் படமாக இருப்போரிடம் இனி எதையும் கேட்க இயலாது. கல் பொறிக்க நம்மிடம் பொருள் இல்லை. ஒரு பேரேடு வாங்கப் பொருள் உண்டு. வாங்கியாயிற்று, வாயிலில் மேசைமேல் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான்கு பக்கம் ஒதுக்கியுள்ளோம். உங்கள் வீட்டிலிருந்து முதலில் வந்தவர் யார், எந்த ஆண்டு, யாருடைய சொல் கேட்டு வந்தார். ஊரில் அவ்வாண்டு மழை எப்படி. முதல் வாடகை எவ்வளவு, வீடு கொடுத்தவர் பேசிய மொழி எது. வந்த பெண்கள் என்னென்ன வேலை செய்தனர், கூலி எத்துணை. யார் யார் திரும்பிப் போயினர், ஏன். 2016இலும் 2020இலும் எங்கிருந்தீர்கள் என்று எழுதுங்கள். வெற்றியை மட்டும் எழுத வேண்டா. விற்ற நிலத்தையும் அடைபடாத கடனையும் எழுதுங்கள். முதியோர் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். தமிழ் எழுத வாராத பிள்ளை கன்னட எழுத்தில் எழுதினாலும் ஏற்போம். பின்தெருவில் இருக்கும் ஒடிசா, பீகார்க் குடும்பங்களுக்கும் சில பக்கங்கள் விட்டிருக்கிறோம்; அவர்களிடம் இந்தியில் கேட்டு எழுத இரண்டு மாணவியர் முன்வந்துள்ளனர். பழைய வாடகைச் சீட்டு, வைப்பு நிதிச் சீட்டு, தங்கவயல் சுரங்க அடையாள வில்லை எதுவாயினும் கொணர்ந்தால், படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தரப்படும். பேரேடு அடுத்த ஆண்டு விழா வரை ஞாயிறுதோறும் மாலையில் சங்கத்தில் திறந்திருக்கும்.